பழைய லேப்டாப்... புது டெஸ்க்டாப்! மாணவர்கள் லினக்ஸுக்கு மாறுவது எப்படி?

அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா லேப்டாப், இப்போது கல்லூரிக்குப் போகும் தம்பியின் கையில். ஆன் செய்தால் திரை வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். பிரவுசரில் நாலு டேப் திறந்தால் ஃபேன் அலறும். 'புதுசு வாங்கணும்ப்பா' என்று பிள்ளை கேட்க, 'செமஸ்டர் ஃபீஸ் கட்டி முடிக்கட்டும்' என்று அப்பா தள்ளிப்போட... தமிழகத்தில் பல வீடுகளில் நடக்கிற பேச்சுதான் இது.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விருப்பப்பட்டுப் பதிவு செய்த வீட்டுப் பயனர்களுக்கு மட்டும் கூடுதல் அவகாசம். சப்போர்ட் நின்ற பிறகும் லேப்டாப் ஓடும். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்பு அப்டேட் வராது. அதே லேப்டாப்பில் நெட் பேங்கிங்கும் ஸ்காலர்ஷிப் விண்ணப்பமும் செய்கிற குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

'சரி, விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே' என்றால், டி.பி.எம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் வேண்டும். 2017-க்கு முன் வாங்கிய பெரும்பாலான லேப்டாப்கள் இந்த வாசலிலேயே நின்றுவிடும்.

அதற்காக அதைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை. காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது... லினக்ஸ். அதிலும் முக்கியமான விஷயம், லேப்டாப்பில் இருக்கிற எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் மட்டும் மாறிக்கொள்ளலாம்.

கறுப்புத் திரையும் பச்சை எழுத்துமா?

லினக்ஸ் என்றதும் பலருக்கும் சினிமாவில் ஹேக்கர் தட்டுகிற கறுப்புத் திரைதான் நினைவுக்கு வரும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களுக்குத்தான் அது சரிப்படும், காமர்ஸ் படிக்கிற பிள்ளைக்கு எதற்கு என்று ஒதுங்கிவிடுவார்கள். ஆனால் இன்றைய லினக்ஸில் மெனு, ஐகான், ஃபோல்டர், ரைட் கிளிக் எல்லாமே உண்டு. பாடம் படிக்க, டைப் செய்ய, வீடியோ பார்க்க, பிரின்ட் எடுக்க மவுஸே போதும். கையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்கு உள்ளே ஓடுவதும் லினக்ஸ் கெர்னல்தான். அதைத் தினமும் தடவிக்கொண்டே 'எனக்கு லினக்ஸ் தெரியாது' என்கிறோம்!

இதை எளிதாகப் புரிந்துகொள்ள, கரூரில் பஸ் பாடி கட்டுவதை நினைத்துக்கொள்ளலாம். இன்ஜினோடு வருகிற சேசிஸ் ஒன்றுதான். அதன்மேல் டவுன் பஸ் பாடியும் கட்டலாம், ஸ்லீப்பர் பாடியும் கட்டலாம். லினக்ஸ் கெர்னல் அந்த இன்ஜின். கண்ணுக்குத் தெரிகிற மெனு, ஜன்னல், பட்டன் எல்லாம் சேர்ந்தது பாடி. அதற்கு 'டெஸ்க்டாப் என்விரான்மென்ட்' என்று பெயர். தேவையான மென்பொருள்களையும் ஏற்றி, ஓட்டத் தயாராக வெளியே வருகிற முழு பஸ்ஸுக்கு 'டிஸ்ட்ரோ' என்று பெயர். உபுண்டு, லினக்ஸ் மின்ட், ஃபெடோரா, டெபியன் எல்லாம் டிஸ்ட்ரோக்கள்.

இந்த இன்ஜினையும் பாடியையும் உருவாக்கியதில் மாணவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1991-ல் லினக்ஸ் கெர்னலை எழுதத் தொடங்கியபோது லினஸ் டோர்வால்ட்ஸ், ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது மாணவர். சாதாரண மக்களும் கையாளும்படி ஒரு முகப்பு வேண்டும் என்று 1996-ல் கே.டி.இ டெஸ்க்டாப்பைத் தொடங்கிய மத்தியாஸ் எட்ரிச், ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர். அடுத்த ஆண்டே மெக்சிகோவைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் 'குனோம்' டெஸ்க்டாப்பைத் தொடங்கினார்கள்.

நம் ஊருக்கும் இது புதிதில்லை. தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸுடன் 'பாஸ் லினக்ஸ்' என்ற இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம். ஆன் செய்ததும் 'எது வேண்டும்' என்று கேட்கும். பெரும்பாலானவர்கள் பழகிய விண்டோஸைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். பக்கத்து மாநிலமான கேரளாவிலோ, அரசுப் பள்ளிப் பிள்ளைகள் ஐ.டி பாடத்தையே லினக்ஸில்தான் படிக்கிறார்கள்.

எந்த டெஸ்க்டாப் யாருக்கு?

இணையத்தில் தேடினால் நூற்றுக்கணக்கான டிஸ்ட்ரோக்கள் வந்து தலைசுற்ற வைக்கும். முதன்முறை வருகிறவர், லேப்டாப்பில் எவ்வளவு ரேம் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் போதும்.

* 2 முதல் 4 ஜி.பி ரேம்: எக்ஸ்.எஃப்.சி.இ டெஸ்க்டாப். அலங்காரம் குறைவு, வேகம் அதிகம். பழைய விலையில்லா லேப்டாப்களுக்குப் பொருத்தமானது. லினக்ஸ் மின்ட் தளத்திலேயே எக்ஸ்.எஃப்.சி.இ பதிப்பு தனியாகக் கிடைக்கிறது.

* 4 ஜி.பி-யும் அதற்கு மேலும்: லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப். கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், வைஃபை... விண்டோஸில் பழகிய கைக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். புதியவர்களுக்கு முதலில் சொல்லத் தக்கது இதுதான்.

* 8 ஜி.பி இருந்தால்: குனோம், கே.டி.இ பிளாஸ்மா என்று எதை வேண்டுமானாலும் முயலலாம். உபுண்டுவில் வருவது குனோம். பெரிய ஐகான்களுடன் கொஞ்சம் டேப்லெட் பார்ப்பது போல இருக்கும். நிறம், பட்டை, பட்டன் என எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு மாற்றிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு கே.டி.இ.

லினக்ஸ் மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 2 ஜி.பி ரேமும் 20 ஜி.பி இடமும் தேவை. 4 ஜி.பி ரேமும் 100 ஜி.பி இடமும் இருந்தால் வசதி. பிராசஸர் 64 பிட் வகையாக இருக்க வேண்டும். பழைய லேப்டாப்பில் சுழலும் ஹார்டு டிஸ்க் இருந்தால், அதை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி போட்டால் வேகத்தில் பெரிய வித்தியாசம் தெரியும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதல் செலவு அதற்குத்தான்.

முதலில் பென் டிரைவில் ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸை லேப்டாப்பில் ஏற்றாமல், பென் டிரைவிலிருந்தே இயக்கலாம். இதற்கு 'லைவ்' முறை என்று பெயர். வழி இதுதான்...

1. 8 ஜி.பி பென் டிரைவ் ஒன்று எடுத்துக்கொள்ளவும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கல்யாண போட்டோ இருக்கிற பென் டிரைவை எடுத்துவிட வேண்டாம்!

2. லினக்ஸ் மின்ட்டின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ ஃபைலை டவுன்லோடு செய்யவும். ஏறக்குறைய 3 ஜி.பி இருக்கும் என்பதால், நண்பர் வீட்டு வைஃபையோ கல்லூரி லேபோ கை கொடுக்கும்.

3. இந்த ஃபைலை பென் டிரைவில் அப்படியே காப்பி செய்தால் வேலை செய்யாது. ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் என்ற இலவச மென்பொருள் மூலம் எழுத வேண்டும். ஃபைலைத் தேர்ந்தெடுத்து, பென் டிரைவைத் தேர்ந்தெடுத்து, ஸ்டார்ட் கொடுத்தால் போதும். எழுதப்போவது பென் டிரைவில்தானா என்று மட்டும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

4. லேப்டாப்பை அணைத்து, பென் டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு பட்டனைத் தட்டவும். லெனோவா, டெல் லேப்டாப்களில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்.பி-யில் எஃப்9, ஆசஸில் எஸ்கேப். வருகிற பட்டியலில் யு.எஸ்.பி-யைத் தேர்ந்தெடுத்தால், இரண்டொரு நிமிடத்தில் லினக்ஸ் டெஸ்க்டாப் வந்து நிற்கும்.

இப்போது விண்டோஸும் அதிலுள்ள ஃபைல்களும் தொடப்படாமல் அப்படியே இருக்கின்றன. டெஸ்க்டாப்பில் 'இன்ஸ்டால்' என்று ஓர் ஐகான் தெரியும்; அதை மட்டும் இப்போதைக்குத் தொட வேண்டாம். வைஃபை கிடைக்கிறதா, யூடியூப் வீடியோவில் சத்தம் வருகிறதா, கேமரா, புளூடூத், டச்பேட், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பட்டன் எல்லாம் வேலை செய்கின்றனவா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, வீட்டில் இருக்கும் பிரின்டர் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம். சில லேப்டாப்களில் வைஃபை உடனே கிடைக்காது. அப்போது போனை யு.எஸ்.பி கேபிளில் இணைத்து 'டெதரிங்' ஆன் செய்து, 'டிரைவர் மேனேஜர்' மூலம் தேட வேண்டியிருக்கும்.

இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. பென் டிரைவிலிருந்து ஓடும்போது கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். அதைவைத்து வேகத்தை எடைபோட வேண்டாம். இந்த முறையில் டைப் செய்து டெஸ்க்டாப்பில் சேமித்த ஃபைல், லேப்டாப்பை அணைத்ததும் போய்விடும்.

இந்தப் பென் டிரைவுக்கு இன்னொரு பயனும் உண்டு. ஒருநாள் விண்டோஸ் திறக்காமல் மக்கர் செய்தால், ஹார்டு டிஸ்க் நல்லபடியாக இருந்து, அது என்க்ரிப்ட் செய்யப்படாமலும் இருந்தால், லைவ் முறையில் நுழைந்து புராஜெக்ட் ஃபைலை மீட்டுவிடலாம்.

இன்ஸ்டால் செய்யும் முன்...

ஒரு வாரம் ஓட்டிப் பார்த்து, பிடித்துவிட்டது என்றால் அடுத்த கட்டம். பெரும்பாலான விபத்துகள் நடப்பதும் இங்கேதான். இன்ஸ்டால் செய்யும்போது இரண்டு முக்கியமான வழிகள் கேட்கப்படும். ஒன்று, விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே லினக்ஸைப் போடுவது. இன்னொன்று, டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட்டு லினக்ஸ் மட்டும் போடுவது. இரண்டாவதைத் தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்டால் போட்டோ, புராஜெக்ட், சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் போய்விடும்.

எந்த வழி என்றாலும், முக்கியமான ஃபைல்களை முதலில் வேறொரு ஹார்டு டிஸ்க்கிலோ கூகுள் டிரைவிலோ காப்பி எடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். லேப்டாப்பில் பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால், அதன் ரெக்கவரி கீயை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சார்ஜர் செருகியே இருக்க வேண்டும். செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரம் இந்த வேலையில் இறங்கவே கூடாது. செமஸ்டர் விடுமுறைதான் சரியான நேரம்.

ஹார்டு டிஸ்க்கில் இடம் இருந்தால், முதல் ஆறு மாதங்களுக்கு இரண்டையும் வைத்துக்கொள்வது நிம்மதி. ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் என்ன செய்ய வேண்டும்?

மென்பொருள்: விண்டோஸ் பழக்கத்தில் கண்ட தளத்துக்கெல்லாம் போய் டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. போனில் பிளே ஸ்டோர் இருப்பதுபோல மின்ட்டில் 'சாஃப்ட்வேர் மேனேஜர்' உண்டு. வி.எல்.சி பிளேயர், ஜிம்ப், ஜியோஜீப்ரா எல்லாம் அதிலேயே கிடைக்கும். இன்ஸ்டால் செய்யும்போது பாஸ்வேர்டு கேட்கும். லினக்ஸ் போடும்போது நீங்கள் வைத்த அதே பாஸ்வேர்டுதான். டைரியில் குறித்து வைத்துக்கொள்ளவும்.

அப்டேட்: கீழே வலது மூலையில் கேடய வடிவ ஐகான் தெரியும். அதுதான் அப்டேட் மேனேஜர். வாரம் ஒருமுறை அழுத்தினால் போதும். அதற்கு முன் 'டைம்ஷிஃப்ட்' என்ற வசதியை ஆன் செய்துவைத்தால், ஏதாவது சொதப்பினாலும் சிஸ்டத்தை முந்தைய நிலைக்குத் திருப்பிவிடலாம். ஆனால் இது சிஸ்டத்துக்கான காப்பி. பாடக் குறிப்புகளுக்குத் தனியாக பேக்கப் வேண்டும்.

அசைன்மென்ட்: வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் இடத்தில் லிப்ரே ஆபீஸ் இருக்கிறது. வேர்டு ஃபைலைத் திறக்கும், வேர்டு வடிவத்திலேயே சேமிக்கவும் செய்யும். ஆனால் லிப்ரே ஆபீஸ் வழக்கமாகத் தன் சொந்த வடிவத்தில்தான் சேமிக்கும் என்பதால், பேராசிரியருக்கு அனுப்பும்போது 'சேவ் ஆஸ்' கொடுத்து வேர்டு வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திருத்தம் தேவைப்படாத ஃபைல் என்றால் பி.டி.எஃப் ஆக்கி அனுப்புவதே நல்லது. அப்போது பக்கம் கலையாது. 'டைம்ஸ் நியூ ரோமன்' எழுத்து இல்லையே என்று பதற வேண்டாம்; அதே அகல அளவில் 'லிபரேஷன் செரிஃப்' இருக்கிறது.

தமிழ் டைப்பிங்: கீபோர்டு செட்டிங்கில் லேஅவுட் பகுதிக்குப் போய், தமிழ் என்று தேடினால் தமிழ்99 கிடைக்கும். 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் தட்டிப் பழகியவர்கள், 'இன்புட் மெத்தட்' பகுதியில் தமிழைச் சேர்த்து ஃபொனெடிக் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்த ஃபைல் இருந்தால் மட்டும், அந்த எழுத்துரு ஃபைலை டபுள் கிளிக் செய்து இன்ஸ்டால் செய்துகொள்ள வேண்டும்.

கறுப்புத் திரை: கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டெர்மினல் வரும். முதல் வாரமே அதற்குள் போயாக வேண்டும் என்பதில்லை. போனால், பாஸ்வேர்டு தட்டும்போது தட்டுகிற எழுத்து திரையில் தெரியாது. கீபோர்டு கெட்டுவிட்டதோ என்று நினைக்காமல், தட்டிவிட்டு என்டர் கொடுக்கவும். எங்கேயோ பார்த்த கட்டளையை, அது என்ன செய்யும் என்று தெரியாமல் ஒட்டக் கூடாது. ஒரே வரியில் எல்லா ஃபைலையும் அழிக்கிற கட்டளைகளும் இருக்கின்றன.

யாருக்கு ஒத்துவராது?

எல்லோரும் இன்றே மாறிவிட வேண்டும் என்று சொல்வது நியாயம் இல்லை. பி.காம் படித்துக்கொண்டே டேலி பயில்பவர், ஆட்டோகேட் தேவைப்படும் சிவில், ஆர்க்கிடெக்சர் மாணவர், ஃபோட்டோஷாப்பில் வேலை பார்ப்பவர்... இவர்களுக்கு விண்டோஸ் வேண்டும். இந்த மென்பொருள்களுக்கு லினக்ஸ் பதிப்பு இல்லை. வேலரன்ட் போன்ற சில கேம்களும் ஓடாது.

ஆன்லைன் தேர்வுகளில் கூடுதல் கவனம் தேவை. கேமரா மூலம் கண்காணிக்கும் சில தேர்வு மென்பொருள்கள் விண்டோஸிலும் மேக்கிலும் மட்டுமே ஓடும். கேம்பஸ் இன்டர்வியூவுக்கான ஆன்லைன் டெஸ்ட் நாளன்று காலையில் இது தெரிந்தால் என்ன ஆகும்? தேர்வு அறிவிப்பில் இருக்கும் 'சிஸ்டம் ரெக்வயர்மென்ட்' பகுதியை முன்பே படித்துவிட்டு, தேவைப்பட்டால் நண்பரின் லேப்டாப்புக்கோ கல்லூரி லேபுக்கோ ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மாறாக, பைத்தான், சி, ஜாவா படிப்பவர்களுக்கு லினக்ஸ் சொந்த வீடு மாதிரி. உலகின் பெரும்பாலான சர்வர்கள் ஓடுவது இதில்தான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் இருப்பவை அனைத்துமே லினக்ஸில் ஓடுபவை. வீட்டில் மெனுவைத் தட்டிப் பழகிய பிள்ளை, நாளை வேலையிடத்தில் சர்வரைப் பார்க்கும்போது மிரளாது.

சந்தேகம் வந்தால்?

தமிழிலேயே உதவி இருக்கிறது. 2012 முதல் வெளிவரும் 'கணியம்' மின்னிதழில் லினக்ஸ், கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளும் மின்னூல்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி-யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' தளத்தில் லினக்ஸ், லிப்ரே ஆபீஸ் பாடங்களைத் தமிழ் ஒலியில் கேட்கலாம். சென்னை, விழுப்புரம் போன்ற ஊர்களில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கிற ஆர்வலர்கள் அங்கே கிடைப்பார்கள். கல்லூரியிலேயே இரண்டு சீனியர்களாவது லினக்ஸ் வைத்திருப்பார்கள். கேட்டால் மணிக்கணக்கில் சொல்லித்தருவார்கள்!

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளை புது லேப்டாப் கேட்டால், உடனே சரி என்றோ முடியாது என்றோ சொல்ல வேண்டாம். இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். 'உன் பாடத்துக்கு விண்டோஸ் மட்டுமே கேட்கிற மென்பொருள் எது?' 'பழைய லேப்டாப்பில் லினக்ஸை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தாயா?' முதல் கேள்விக்குத் தெளிவான பதில் இருந்தால், புது லேப்டாப் அவசியமான செலவு. இல்லையென்றால், அந்தப் பணம் அடுத்த செமஸ்டர் ஃபீஸுக்கு அப்படியே இருக்கட்டும்.